தம்பி ஏறிய கப்பலின் சத்தம்

கனடாவின் மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து, 1969 வசந்தத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கடலுக்கடியில் போகும் கப்பல்களின் சத்தத்தைக் கேட்கிற கருவி செய்யும் கம்பெனி. டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத நீளமான செங்கல் கட்டடம். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மேஜையில் இருக்கும் பென்சில் நடுங்கும்.

கருவி பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய். அதை விமானத்திலிருந்து கடலில் போடுவார்கள். மேல் பாதி மிதக்கும். கீழே நீண்ட ஒயரில் ஒரு மைக் இறங்கி, தான் கேட்பதையெல்லாம் ரேடியோ வழியாக விமானத்துக்கு அனுப்பும். மழை, திமிங்கிலம், சரக்குக் கப்பல் என்று கடலில் ஆயிரம் சத்தம். அதிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலின் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்கும் மின்சுற்றை அமைப்பது என் வேலை. எங்கிருந்தோ டேப்புகள் வரும். நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதமாட்டேன் என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்தியக் குடிமகன் எப்படி அந்த அறைக்குள் போனான் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். காமன்வெல்த் நாட்டுக்காரன், அந்தத் துறையில் பட்டம் வாங்கியவன், அவசரமாக ஆள் தேவை. தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள என் போட்டோ போட்ட மஞ்சள் அட்டை ஒன்று.

என் மேலதிகாரி கடற்படையில் இருந்தவர். உலகப் போரில், இங்கிலாந்துக்கு உணவும் ஆட்களும் ஏற்றிப்போன கப்பல்களுக்குக் காவலாகச் சின்னக் கப்பல் ஒன்றில் போனவர். இடது காது கேட்காது. அதனால் எப்போதும் அவருக்கு வலது பக்கம் நின்று பேசுவோம். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க அட்லாண்டிக் கடலின் வரைபடம். நான் சேர்ந்த முதல் வாரம் அதன் முன்னால் என்னை நிறுத்தி, நாங்கள் எதற்காக இந்தக் குழாய்களைச் செய்கிறோம் என்று சொன்னார்.

"பத்து வருஷத்துக்கு முன்னால் ரஷ்யர்கள் தங்கள் கரையை விட்டு வெளியே வர மாட்டார்கள். இப்போது பார், இங்கே, இங்கே, இங்கே. எல்லாக் கடலிலும் தங்கள் கொடி தெரிய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் நமக்கிருக்கும் கூட்டணி எதை நம்பி இருக்கிறது தெரியுமா? இந்தக் கடல் நம்முடையது என்பதை. ஐரோப்பாவில் சண்டை வந்தால் இந்தப் பக்கத்திலிருந்து ஆளும் சாமானும் கப்பலில்தான் போக வேண்டும். கப்பல் போக முடியாவிட்டால் கூட்டணி வெறும் காகிதம்."

பிறகு வரைபடத்தைத் தாண்டி வெறும் சுவரில் ஓரிடத்தைத் தொட்டு, "உங்கள் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டார்கள்" என்றார்.

உண்மைதான். அதற்கு முந்தின வருடம் மதராஸ் துறைமுகத்துக்கு ரஷ்யப் போர்க்கப்பல்கள் வந்திருந்தன. என் அப்பா வெயிலில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்து, 'ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்' என்று எனக்கு எழுதியிருந்தார். அதை நான் சொன்னதும் மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "நம்மவர்கள் அப்படிச் சுத்தமாக வைத்திருப்பதில்லை" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

என் தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். இந்தியக் கடற்படையில் இன்ஜினீயர். வேலையில் சேரும்போது கொடுத்த படிவத்தில், உறவினர்கள் என்ற இடத்தில், அதை எழுதியிருந்தேன். அப்போது அவன் கொச்சியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் இருந்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970 கோடையில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பனிக்காலத்தில் எழுதியது, தில்லி சுற்றி வந்து சேர இத்தனை நாள் ஆகியிருந்தது; உறையில் தில்லி முத்திரை. உள்ளே ஒரு போட்டோ: காதுவரை மூடிய ரோமத் தொப்பியில் என் தம்பி. 'அண்ணா, உனக்கும் பனி, எனக்கும் பனி. இங்கேயும் கடல் உறைகிறது. தினமும் புளித்த கறுப்பு ரொட்டி. திருப்பிப் போட்ட எழுத்துகளாக ஒரு பாஷை கற்றுக்கொள்கிறேன். எங்கே இருக்கிறேன், என்ன படிக்கிறேன் என்று எழுதக்கூடாது. தண்ணீருக்கு மேலே செய்கிற வேலை இல்லை என்று மட்டும் புரிந்துகொள்.'

மனைவி போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இந்தியா ரஷ்யாவிடமிருந்து நீர்மூழ்கிக் கப்பல்கள் வாங்கியிருந்தது ரகசியமே அல்ல. பத்திரிகைகளில் படத்தோடு வந்திருந்தது. எந்த வகைக் கப்பல் என்றும் போட்டிருந்தார்கள். ஒரு வருடமாக நான் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது அதே வகையின் சத்தம்தான்.

உறவினர் நிலைமையில் மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நாளைக்குச் சொல்லலாம் என்று கடிதத்தைப் பனிக்காலக் கையுறைகள் இருந்த டிராயரில் வைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. டேப்பைக் கேட்கும்போதெல்லாம், அந்த இரும்புக்குள் அவன் எங்கே நின்றுகொண்டிருப்பான், தலை இடிக்குமா, மூச்சு விடக் காற்று போதுமா என்றே யோசனை போனது. அவனைக் கண்டுபிடிக்கும் கருவியை நான் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருந்தேன். நன்றாகவே திருத்தினேன். அந்தக் கோடையில் எனக்குச் சம்பள உயர்வுகூட கிடைத்தது.

அக்டோபரில் ஊரே மாறியது. பிரெஞ்சு பேசும் எங்கள் மாகாணத்தைத் தனிநாடாக்கக் கேட்ட ரகசியக் குழுவினர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியையும் மாகாண மந்திரியையும் கடத்திவிட்டார்கள். மந்திரியைக் கொன்றார்கள். துப்பாக்கியோடு ராணுவத்தினர் தெருவில் நின்றார்கள். எங்கள் கம்பெனி வாசலில் காவலாளி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். என் எலுமிச்சை சாதத்தைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார். அந்த மாதம் எல்லோருக்கும் புதுப் படிவம் வந்தது. முன்பு எழுதியதையெல்லாம் மறுபடி எழுத வேண்டும்.

சமையலறை மேஜையில் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி அப்போது நான்கு மாதக் கர்ப்பம்.

"என்னங்க, ரெண்டு நாளா அந்தப் பேப்பரையே பாத்துட்டிருக்கீங்க?"

சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"எழுதிடுங்க."

"எழுதினா வேலை போயிடும்."

"எழுதாம வெச்சு, அவங்களே கண்டுபிடிச்சா?"

"ஜெயிலுக்குக் கூடப் போகலாம்."

"அப்ப இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? தம்பி இல்லைன்னா எழுதப் போறீங்க?"

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. 'உடன்பிறந்தோர்' என்ற கட்டத்தில் கோடு போட்டு விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன். கடிதம் வந்த தேதியையும் எழுதினேன்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி இளைஞர், பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம், ரொம்ப மரியாதை. காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"உங்கள் தம்பி உங்கள் வேலையைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

"இல்லை."

"நீங்கள் ஏதாவது எழுதினீர்களா?"

"கம்பெனியின் பெயரையும், ரேடியோ வேலை என்றும் எழுதினேன்."

"இனிமேல் கேட்டால்?"

"கேட்க மாட்டான்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "கடிதத்தை நான்கு மாதம் ஏன் வைத்திருந்தீர்கள்?" என்றார்.

பயமாக இருந்தது என்றேன். யாரைப் பற்றிய பயம் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கையை நீட்டினார். மஞ்சள் அட்டையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

வேலையை விட்டு நீக்கவில்லை. விசாரணை முடியும்வரை வெளியறையில் இருக்கச் சொன்னார்கள். வாசல் கதவுக்கும் உள் கதவுக்கும் நடுவே, பார்க்க வருபவர்கள் காத்திருக்கும் அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் ஐந்து மணிவரை. முதலில் பழைய கையேடுகளில் எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். பிறகு அதுவும் வரவில்லை. கழிப்பறை உள்பக்கம் இருந்தது. போக வேண்டுமென்றால் காவலாளியைக் கூப்பிட வேண்டும். அவர் கூடவே வந்து கதவுக்கு வெளியே நிற்பார். ஒரு மாதத்தில் நான் பகலில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். கூட வேலை செய்தவர்கள் கண்ணாடி வழியாகக் கையசைத்துவிட்டுப் போவார்கள். பொங்கல் வந்தபோது பாதிப் பேர் கையசைப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

"விசாரணை நடக்கும்போது போனால், தப்பு செய்தவன் போனான் என்று எழுதுவார்கள். இந்த ஊரில் உன் படிப்புக்கு வேலை கொடுக்கிற எல்லோரும் இதே கூட்டணிக்குத்தான் ஏதோ ஒன்று செய்கிறார்கள். முதலில் எங்களிடம்தான் கேட்பார்கள். பொறு. விசாரணை முடியட்டும். ஊருக்கும் போகாதே."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அது எனக்கும் சொல்ல மாட்டார்கள்."

மார்ச்சில் மகள் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் குழந்தையைக் காட்டச் சொல்லி எழுதினார்கள். வேலை அதிகம் என்று பதில் போட்டேன். தம்பிக்கு எழுதினால் அது எந்தக் கோப்புக்குப் போகுமோ என்று அவனுக்கு எழுதுவதை நிறுத்தினேன். அவனிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

ஆகஸ்டில் இந்தியா ரஷ்யாவோடு நட்பு ஒப்பந்தம் போட்டது. காலையில் நான் உள்ளே வந்தபோது அந்தப் பத்திரிகை என் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. மத்தியானம் மேலதிகாரி வந்தார்.

"இது உனக்கு நல்லதல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுத்தது உங்கள் பக்கம். கிழக்கே லட்சக்கணக்கான அகதிகள் எங்கள் எல்லைக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். நாங்கள் யாரிடம் போவோம்?"

'உங்கள்', 'எங்கள்' என்று நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை. "நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் இந்தப் பத்திரிகையையும் உன் கோப்பில்தான் வைப்பார்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனோம். தானியக் கிடங்குக்குக் கீழே ஒரு பெரிய கப்பல் நின்றது. புகைபோக்கியில் அரிவாளும் சுத்தியலும். மேலிருந்து பெரிய குழாய் வழியாகக் கனடாவின் கோதுமை அதன் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. தூசி எங்கள் மேலெல்லாம் படிந்தது. கரையில் இறங்கிய மாலுமிகள் இரண்டு பேர் கடையில் வாங்கிய ஜீன்ஸ் பொட்டலங்களோடு நடந்து வந்தார்கள். ஒருவன் குழந்தையைப் பார்த்து விரலை ஆட்டி முகம் கோணி விளையாட்டுக் காட்டினான். நான் அவசரமாக வண்டியைத் திருப்பினேன். யாராவது பார்த்தால்?

மனைவி நகரவில்லை. "இவங்களுக்கு இவ்வளவு கோதுமை விக்கலாம். உங்க தம்பி உங்களுக்கு ஒரு லெட்டர் போடக்கூடாதா?" என்றாள்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன். வீடு வந்து சேரும்வரை அவள் நாலடி பின்னாலேயே வந்தாள்.

டிசம்பரில் போர் வந்தது. விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்று எல்லா ஆட்களோடும் மூழ்கியது என்று செய்தி. சில நாளில் மேற்குக் கடலில் இந்தியப் போர்க்கப்பல் ஒன்றை இன்னொரு நீர்மூழ்கி மூழ்கடித்தது. அப்பாவுக்குத் தந்தி கொடுத்தேன். 'தம்பி செய்தி இல்லை' என்று பதில் வந்தது. போர் இரண்டே வாரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகும் செய்தி இல்லை.

வெளியறையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதன் முழுக் கனமும் எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. கடலுக்கடியில் ஒரு கப்பல் குண்டுபடும்போது என்னென்ன சத்தம், எந்த வரிசையில் வரும் என்று எனக்குத் தெரியும். டேப்பில் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுவே ஓடியது.

மேலதிகாரி தினமும் மத்தியானம் வந்து எதிர் நாற்காலியில் அரைமணி நேரம் உட்காருவார். நான் அவருக்கு வலது பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொள்வேன். ஒரு நாள் தானாகவே சொன்னார்.

"உலகப் போரில் நாங்கள் ஒரு நீர்மூழ்கியை அடித்தோம். ஹெட்போனில் நான்தான் இருந்தேன். அது உடைந்து கீழே போவதை முழுக்கக் கேட்டேன். கப்பலில் எல்லோரும் கத்திக் குதித்தார்கள். நானும் குதித்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது."

அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. தம்பியின் கையெழுத்தை உறையில் பார்த்ததும் மனைவி தபால் பெட்டிகள் இருந்த மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வந்தபிறகுதான் பிரித்தோம்.

'அண்ணா, உயிரோடு இருக்கிறேன். போரின்போது நான் கடலிலேயே இல்லை. போன வருடம் ஊருக்குத் திரும்பியதும் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பற்றி. உன் பெயரையும் உன் கம்பெனியையும் எழுதினேன். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பலிலிருந்து இறக்கி, கரையில் சாமான் கிடங்கில் போட்டுவிட்டார்கள். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். நான் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.'

அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி அன்றைக்கு முழுசாகக் கிடைத்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் மற்றது உறைத்தது. அவனால் நான் இங்கே உட்கார்ந்திருந்தேன். என்னால் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் செய்த ஒரே காரியம், உண்மையை எழுதியது.

நான் இங்கிருந்து போய்விட்டால் அவனையாவது திரும்பக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று தோன்றியது. மார்ச்சில் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி இந்தத் தடவை தடுக்கவில்லை. கம்பெனித் தாளில் எதுவும் எழுதித் தர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தன் வீட்டுத் தாளில், தன் வீட்டு முகவரியோடு, என்னைப் பற்றி ஒரு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஏழு கம்பெனிகள் சிரித்த முகத்தோடு இல்லை என்றன. அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் ஊரின் கிழக்கே ஒரு தொழிற்கல்லூரியில் வேலை கிடைத்தது. ரேடியோ ரிப்பேர் சொல்லித்தர வேண்டும், அதுவும் பிரெஞ்சில். முதல் வருடம் மாணவர்கள் என் பிரெஞ்சைத் திருத்தினார்கள், நான் அவர்கள் ரேடியோக்களைத் திருத்தினேன்.

1974 டிசம்பரில்தான் ஊருக்குப் போக முடிந்தது. மதராஸில் பத்து நாள் இருந்துவிட்டு, தம்பியைப் பார்க்க மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினம் போனேன். கடற்படைத் தளத்தின் வாசலில் காவலாளி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், உள்ளே போன் செய்தார், அனுமதி இல்லை என்றார். தம்பியே வெளியே வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். முன் தலையில் முடி குறைந்திருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டான். வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. மகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்து மனைவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நான் வேலையை விட்டது தெரிஞ்சதும் உன்னை மறுபடி எடுத்துப்பாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"நானும் நெனச்சேன். எழுதிக் குடுத்தேன். ஃபைல மூடியாச்சுன்னு சொல்லிட்டாங்க. வேற புது ஆளுங்க வந்துட்டாங்க, அண்ணா."

கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்: "நீ அதக் கேட்டிருக்க இல்ல? வெளிலேர்ந்து எப்படி இருக்கும்?"

"சொல்லக்கூடாது."

"சரி. உள்ள எப்படி இருக்கும்னு நானும் சொல்லக்கூடாது."

சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவன் முகம் வேறாக இருந்தது.

"உன் மேல ரொம்பக் கோவமா இருந்தேன். அந்த லெட்டர் போடறதுக்கு முன்னாடி ரெண்டு எழுதிக் கிழிச்சுப் போட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சேன் தெரியுமா? அந்தக் குளிர்ல, அந்த பாஷைல. எல்லாம் நீ எங்கயோ ஒரு கம்பெனில சேந்ததால போச்சு."

நான் என் தம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். பிறகு சொன்னேன். "அந்தப் படிவத்த வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். எனக்குத் தம்பியே இல்லாம இருந்திருந்தா நல்லா இருக்குமேன்னு."

அவன் தம்ளரை உருட்டுவதை நிறுத்தினான்.

"ஒரு நாள்தானா? எனக்கு ஒரு வாரம் இருந்தது" என்றான்.

இன்னொரு டீ சொன்னான். தளத்தில் மணியடித்ததும் எழுந்து, நாளைக்கும் இதே நேரம் இங்கே வரச் சொல்லிவிட்டு உள்ளே போனான். அந்த ஊரில் நாங்கள் ஐந்து நாள் இருந்தோம். அவனுக்கு விடுமுறை கொடுக்கவில்லை. எனக்கு வாசலைத் தாண்ட அனுமதி கொடுக்கவில்லை. ஐந்து நாளும் அந்த டீக்கடைப் பெஞ்சில்தான் பேசினோம். ஐந்தாம் நாள் மகள் அவன் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவளை எழுப்பாமல் என் தோளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவன் சாலையைக் கடந்து போனான்.